வாகன இலக்கத்தகடும் அரசின் ஞாபகமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் ஐக்கிய இராச்சியக் கிளை நடத்திய நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் வலி ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆனால் செயலாளர் அக்கா தொலைபேசியில், “உமக்கு எது முக்கியம் என்று படுகிறதோ அதைப் பேசும்” என்று சொன்னார். அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு, வாகன இலக்கத்தகடுகளை வாசிக்கும் கமராக்களைப் பற்றியும், அவற்றைப் பயன்படுத்தும் அரசுக்குச் சட்டம் எங்கே எல்லை போட வேண்டும் என்பது பற்றியும் பேசப் போகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் மற்றவர்களுடைய அந்தரங்கத்தை எழுதி வைப்பதும், எழுதியதைப் பூட்டி வைப்பதும் என் அன்றாட வேலை. அந்த அனுபவம் இந்த விடயத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிரித்தானியப் பொலிஸாரின் விஞ்ஞானப் பிரிவு ஒன்று 1976இல் இதை உருவாக்கியது. வீதியோரத்தில் அல்லது பொலிஸ் வாகனத்தில் உள்ள கமரா, கடந்து செல்லும் ஒவ்வொரு வாகனத்தின் இலக்கத்தையும் வாசிக்கிறது. தேடப்படும் வாகனங்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் பொலிஸாருக்கு அறிவிக்கிறது. களவு போன கார் அகப்படுகிறது. காணாமற்போன பிள்ளை சில வேளை கண்டுபிடிக்கப்படுகிறது. இதையெல்லாம் நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் பிள்ளை காணாமற்போனால் நானும் அந்தக் கமராவைத்தான் நம்பியிருப்பேன்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. பொருந்தாத இலக்கங்களை என்ன செய்வது? இடமும் நேரமும் படமும் சேர்த்து அவையும் சேமிக்கப்படுகின்றன. நாங்கள் வாழும் இந்த நாட்டில் பொலிஸார் அவற்றை 12 மாதம் வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியா மாநிலத்தின் கணக்காய்வாளர் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, லொஸ் ஏஞ்சலஸ் பொலிஸாரிடம் 32 கோடி படங்கள் இருந்தன. அவற்றுள் 99.9 சதவீதம், படம் பிடிக்கப்பட்ட நேரத்தில் எந்தத் தேடப்படும் பட்டியலிலும் இல்லாத வாகனங்களுடையவை. அதாவது வேலைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் போய் வந்த சாதாரண சனங்களுடையவை.

எங்கள் தலைமுறைக்கு வாகன இலக்கம் எழுதப்படுவது புதிய விடயமல்ல. தொண்ணூறுகளில் சோதனைச்சாவடிகளில் எங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், அப்பாவின் மோட்டார் சைக்கிள் இலக்கம் எல்லாம் சீ.ஆர். கொப்பியில் எழுதப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பயத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனாலும் அந்தக் கொப்பிக்கு இயற்கையாகவே சில எல்லைகள் இருந்தன. எழுதுபவருக்குக் கை உளையும். மழையில் கொப்பி நனையும். பழைய கொப்பியில் ஒரு இலக்கத்தைத் தேட ஒருவர் நாள் முழுக்க உட்கார வேண்டும். கமராவுக்குக் கை உளைவதில்லை. ஐந்து வருடப் பதிவில் ஒரு இலக்கத்தைத் தேட அதற்குச் சில நொடிகள் போதும். முன்பு சிரமமும் செலவும் போட்ட எல்லையை இனிச் சட்டம்தான் போட வேண்டும்.

இதற்கு அரசுகள் வழமையாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. “இலக்கத்தகடு எல்லோருக்கும் தெரியும்படி தொங்குவதுதானே, அதில் என்ன இரகசியம்?” என்பது. உண்மை. ஒரு தடவை பார்ப்பதில் இரகசியம் எதுவும் இல்லை. எங்கள் தொழிலில் இருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். கிளினிக்கில் ஒரு தடவை இரத்த அழுத்தம் அளந்தால் ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான். அதே நோயாளிக்கு 24 மணி நேரம் கருவி பூட்டி அனுப்பினால், அவர் எப்போது நித்திரைக்குப் போனார், எப்போது பதறினார், மாத்திரையை ஒழுங்காக எடுத்தாரா என்பது வரை ஊகிக்கலாம். எண்கள் அதே மாதிரியானவை. அவை சேரும்போது வேறு கதை சொல்கின்றன. ஒரு வருட இலக்கத்தகடு பதிவும் அப்படித்தான். ஒருவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார், எந்தக் கூட்டத்துக்குப் போகிறார், எந்த வைத்தியசாலைக்கு எத்தனை தடவை போனார், இரவில் வாகனம் யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும்.

அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த வித்தியாசத்தை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டு வருகின்றன. 2012இல் ஜோன்ஸ் என்பவரின் வழக்கில், பொலிஸார் ஒரு காரில் ஜிபிஎஸ் கருவி பூட்டி 28 நாள் பின்தொடர்ந்தது அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் சொல்லும் ‘சோதனை’தான் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2018இல் கார்ப்பென்டர் வழக்கு வந்தது. தொலைபேசி நிறுவனத்திடமிருந்து பொலிஸார் ஒருவரின் 127 நாள் நடமாட்டத்தைப் பெற்றிருந்தார்கள். மொத்தம் 12,898 இடப்பதிவுகள். இப்படியான பதிவைப் பெற நீதிமன்ற ஆணை வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பொது வீதியில் நடமாடுவதால் மட்டும் ஒருவர் தன் அந்தரங்கம் முழுவதையும் கைவிட்டதாகாது என்பதே அதன் சாரம்.

இலக்கத்தகடு கமராக்களைப் பற்றியே நேராக வந்த வழக்கு மசாசுசெற்ஸ் மாநிலத்தினுடையது. கேப் கொட் தீபகற்பத்துக்குப் போகும் இரண்டு பாலங்களில் இருந்த கமராக்களை வைத்து ஒருவரின் போக்குவரத்தைப் பொலிஸார் கவனித்திருந்தார்கள். மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 2020இல் சொன்ன தீர்ப்பு நிதானமானது. நான்கு கமரா, இரண்டு பாலம், இவ்வளவும் ஒரு மனிதனின் வாழ்க்கையைக் காட்டப் போதாது, ஆகவே இங்கே உரிமை மீறப்படவில்லை. ஆனால் போதிய அளவு கமராக்கள், போதிய இடங்களில், போதிய காலம் பதிவு வைத்திருந்தால் அது அரசியலமைப்புப் பிரச்சினையாகும். அந்த எல்லை எந்த எண்ணிக்கையில் வரும் என்பதை நீதிமன்றம் சொல்லவில்லை. கமராக்களின் எண்ணிக்கையோ கூடிக்கொண்டு போகிறது.

ஜேர்மனி இதைவிட ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்குள்ள கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2008இல் ஹெசன், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்ரைன் ஆகிய இரு மாநிலங்களின் சட்டங்களைச் செல்லாது என்றது. நோக்கம் தெளிவாக எழுதப்படவில்லை என்பது காரணம். அப்போதுகூட, பொருந்தாத இலக்கத்தை உடனே அழித்துவிட்டால் அது உரிமையில் தலையீடு அல்ல என்று அந்த நீதிமன்றம் கருதியது. பத்து வருடம் கழித்து, 2018 டிசம்பரில் பவேரியா மாநிலத்தின் வழக்கில், அந்தக் கருத்தை அதே நீதிமன்றம் மாற்றிக்கொண்டது. உடனே அழித்தாலும், ஒவ்வொரு வாகனமும் ஒரு தடவை சோதிக்கப்பட்டுத்தான் விடுவிக்கப்படுகிறது. தான் தவறு செய்யவில்லை என்று வழியில் போகும் ஒவ்வொருவரும் நிரூபிக்க வேண்டிய நிலை அது. ஆகவே பாரதூரமான காரணம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்றது தீர்ப்பு. சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ளச் சட்டப் புத்தகம் தேவையில்லை. “போகலாம்” என்று கை காட்டிய பிறகும், நிறுத்தப்பட்டது நிறுத்தப்பட்டதுதான்.

நீதிமன்றங்கள் காத்திருக்கும் இடத்தில் சட்டசபைகள் நேராக எண்ணை எழுதலாம். நியூ ஹம்ஷயர் மாநிலத்தில், தேடப்படும் பட்டியலோடு பொருந்தாத பதிவை 3 நிமிடத்துக்குள் அழிக்க வேண்டும். மேய்ன் மாநிலத்தில் 21 நாள். வேர்ஜீனியாவும் 2025இல் 21 நாள் என்று சட்டம் செய்தது. 3 நிமிடம், 21 நாள், 12 மாதம். கருவி ஒன்றுதான். காலம் மாறும்போது அது வேறு கருவியாகிவிடுகிறது.

எங்கள் கல்லூரியில் பிந்தி வருபவர்களின் பெயர் எழுதும் ஒரு புத்தகம் இருந்தது ஞாபகமிருக்கும். அதில் என் பெயர் எத்தனை தடவை ஏறியது என்பதை இந்தச் சபையில் சொல்லப்போவதில்லை. தவணை முடிய அந்தப் புத்தகம் மூடப்படும். மாணவத் தலைவியைத் தெரிவு செய்யும்போது ஆறாம் வகுப்பில் யார் எத்தனை நாள் பிந்தி வந்தார் என்று யாரும் பழைய புத்தகத்தைத் தூக்கி வருவதில்லை. பதிவுக்கு ஒரு நோக்கம், நோக்கத்துக்கு ஒரு காலம் என்பதை எங்கள் ஆசிரியைகள் சட்டம் எதுவும் இல்லாமலே கடைப்பிடித்தார்கள்.

காலம் மட்டும் போதாது, நோக்கமும் வேண்டும் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டும் பெண்களைப் பற்றியவை. அதனால்தான் பெண்கள் கல்லூரி ஒன்றின் மேடையில் இதைச் சொல்கிறேன்.

முதலாவது கன்சாஸ் மாநிலத்தில் நடந்தது. சிறு நகரமொன்றின் பொலிஸ் தலைவர், தன்னை விட்டுப் பிரிந்த பெண்ணையும் அவருடைய புதிய நண்பரையும் இந்தக் கமராக்கள் வழியாக 228 தடவை தேடியிருக்கிறார். ஒவ்வொரு தேடலுக்கும் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. காணாமற்போன பிள்ளை, போதைப்பொருள் விசாரணை என்று அதில் பொய்க் காரணங்களை எழுதினார். பல மாதம் அதை யாரும் பிடிக்கவில்லை. காரணம் எழுதும் கட்டம் இருப்பது காவல் ஆகாது. எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது 2025 மே மாதம் ரெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது. அங்கே கருக்கலைப்பு ஏறக்குறைய முற்றாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஒரு மாவட்டத்தின் ஷெரிப் அலுவலகம், தானே கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண்ணைத் தேடி, நாடு முழுவதும் 83,000க்கும் மேற்பட்ட கமராக்களின் பதிவுகளைத் துழாவியது. அவற்றுள் கருக்கலைப்பு சட்டபூர்வமாக உள்ள இலினோய், வொஷிங்டன் மாநிலங்களின் கமராக்களும் அடங்கும். அவருடைய குடும்பத்தார் பயந்தார்கள், அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பார்க்கவே தேடினோம் என்று ஷெரிப் சொன்னார். கருவின் இறப்புப் பற்றிய விசாரணை ஒன்றையும் அதே அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தது பின்னர் ஆவணங்களில் வெளிவந்தது. கருக்கலைப்பு, குடிவரவு ஆகிய இரண்டு நோக்கத்துக்கும் இந்தப் பதிவுகளைக் கொடுக்கக்கூடாது என்று இலினோயில் 2024 முதலே சட்டம் உண்டு. சட்டம் இருந்தது. ஆனால் பதிவுகள் ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் பிணைக்கப்பட்டிருந்தபடியால் மாநில எல்லை அங்கே எடுபடவில்லை. கலிபோர்னியாவிலும், வெளிமாநிலங்களோடு பதிவுகளைப் பகிரக்கூடாது என்ற 2015ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியதாகச் சொல்லி, எல் கஹோன் நகரத்தின் மீது மாநிலச் சட்டமா அதிபரே 2025இல் வழக்குப் போட வேண்டி வந்தது.

வைத்தியர் என்ற முறையில் இந்த ரெக்சாஸ் சம்பவம் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. எங்களிடம் வரும் சிலர் வாகனத்தை இரண்டு வீதி தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். பால்வினை நோய், மனநோய், வீட்டு வன்முறை, கர்ப்பம் என்று காரணம் பலவாக இருக்கும். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. வாகனத்தில் வந்தால் அரசுக்குத் தெரியவரும் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டால், அவர் வராமலே இருந்துவிடுவார். வராத நோயாளியை என்னால் காப்பாற்ற முடியாது. வைத்தியரின் வாயைச் சட்டம் கட்டி வைத்திருக்கிறது. வைத்தியசாலை வாசலில் உள்ள கமராவின் வாயையும் அது கட்ட வேண்டும் அல்லவா?

பிரித்தானியாவில் எல்லாம் ஒழுங்கு என்று எண்ணிவிட வேண்டாம். 2010இல் பேர்மிங்காம் நகரில் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட கமராக்கள் நிறுவப்பட்டன. சில மறைத்து வைக்கப்பட்டிருந்தன. பொதுவான குற்றத்தடுப்புக்கு என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. பணம் வந்ததோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து. மக்கள் எதிர்த்தார்கள். வேறொரு பிரதேசப் பொலிஸ் தலைவி விசாரித்து, சட்டத்தைப் பற்றி எவரும் ஒழுங்காக யோசிக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தார். 2011இல் கமராக்கள் கழற்றப்பட்டன. 2013இல் ரோய்ஸ்டன் என்ற சிறு பட்டினத்தில், எந்த வழியால் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் பதிவாகும்படி கமராக்கள் சுற்றிவர வைக்கப்பட்டிருந்தது சட்டவிரோதம் என்று தகவல் ஆணையாளர் அறிவித்தார். இரண்டு இடத்திலும் முதலில் கேள்வி கேட்டவர்கள் நீதிபதிகள் அல்லர். அந்த வீதிகளில் குடியிருந்தவர்களும் அவர்களுக்குத் துணை நின்ற அமைப்புகளுமே.

எங்கள் தாய்நாட்டுக்கும் இது தூரத்து விடயமல்ல. கொழும்பில் 2024 ஜனவரி முதல் வீதி விதிமீறல்களைக் கமராக்கள் மூலம் கண்டறிகிறார்கள். விபத்துக் குறைந்தால் நல்லதுதான். வீதி விபத்தில் வந்தவர்களைப் பயிற்சிக் காலத்தில் பார்த்த எவரும் அதை மறுக்கமாட்டார். ஆனால் எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை தனியாக எழுதப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். அதிலே பாதுகாப்பு, குற்றப் புலனாய்வு என்று விதிவிலக்குகளும் உண்டு. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் பிற்போடவும்பட்டது. கமரா முதலில் வந்து சட்டம் பின்னால் வரும் நிலை எங்களுக்கு வேண்டாம்.

நான் பார்க்கும் நோயாளிகளின் கணினிப் பதிவுகளுக்கு நான்கு கட்டுப்பாடுகள் உண்டு. எந்த நோக்கத்துக்காக எழுதுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதற்கு விதி உண்டு. யார் திறக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. திறந்த ஒவ்வொருவரின் பெயரும் நேரமும் பதிவாகி, அதை வேறொருவர் பரிசோதிப்பார். அயலவரின் பதிவை அவா மிகுதியால் திறந்து பார்த்தால் வேலை போகும், வழக்கும் வரலாம். இந்த நான்கையும் நாங்கள் எங்களுக்கு அவமானமாக நினைப்பதில்லை. அவை இருப்பதால்தான் நோயாளி எங்களை நம்பி வாய் திறக்கிறார். பொலிஸாருக்கும் அதே நான்கைத்தான் கேட்கிறேன். எதற்காக, எவ்வளவு காலம், யார் யார், யார் கணக்குப் பார்ப்பது. நீண்ட காலப் பதிவைத் துழாவ வேண்டுமென்றால் ஒரு நீதிபதியின் ஆணையும் வேண்டும்.

உலகெங்கும் பரந்து வாழும் எங்கள் பழைய மாணவிகளால் இதில் செய்யக்கூடியது உண்டு. அமெரிக்காவில் இருப்பவர்கள் உங்கள் நகரசபைக் கூட்டத்துக்குப் போங்கள். ஒஸ்ரின், எவன்ஸ்ரன் நகரங்கள் 2025இல் இந்தக் கமராத் திட்டங்களைக் கைவிட்டன. பிரித்தானியாவில் இருப்பவர்கள் உங்களைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கமரா பதிவுகள் எத்தனை நாள் வைத்திருக்கப்படுகின்றன என்று ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். எங்கள் சங்கத்தில் சட்டத்தரணிகளும் பொறியியலாளர்களும் அரச உத்தியோகத்தர்களும் நிறைய இருக்கிறார்கள். இந்தச் சட்டங்களை எழுதும் மேசையில் நாளை உட்காரப்போகிறவர் இந்த மண்டபத்தின் பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருக்கும் தங்கச்சிமாரில் ஒருவராகவும் இருக்கலாம்.

கையை உயர்த்திக் கேள்வி கேட்கும் பிள்ளையை இந்தக் கல்லூரி ஒருபோதும் உட்காரச் சொன்னதில்லை. நூறு வருடத்தில் அது எங்களுக்குத் தந்த பெரிய சொத்து அதுதான் என்று நான் நினைக்கிறேன். கல்லூரித் தாய் மேலும் பல நூற்றாண்டு வாழ்க, கேள்வி கேட்கும் பிள்ளைகள் அவள் மடியில் பெருகுக என்று வாழ்த்துகிறேன்.